பத்தடி லாரி

“ஒரு லாரி விறகு என்றால் எவ்வளவு?”
போனில் மிசஸ் ஆங்.
ஜூ சியாட்டில் பீட்சாக் கடை,
செங்கல் அடுப்பு புதுசு,
இன்னும் ஒரு தடவைகூடப் புகையவில்லை.

ஒரு லாரி என்பது அளவே இல்லை, மேடம்.
ஒரு வயிறு சோறு என்கிற மாதிரி.
யார் வயிறு?
யார் பரிமாறினார்கள்?

சொல்லவில்லை.
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சுங்கை காடுட், காலை எட்டரை.
மேசையில் பில் புத்தகம், மரத்தூள் படிந்த பிஸ்கட் டப்பா.
வெளியே பின்பலகையைத் தொங்கவிட்டு நிற்கிறது லாரி.
பத்தடி என்பது பெயர்தான்;
டேப்பை இழுத்தால் மூன்று மீட்டருக்கு ஒரு விரல் குறையும்.
அகலம் ஒன்று புள்ளி ஆறு.
ஒரு மீட்டர் உயரம் ஏற்றினால்
ஐந்து கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
கால்குலேட்டர் சொல்லிவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டது.

அது பெட்டியை அளக்கும்.
விறகை அளக்காது.

வாரி எறிந்தால் பாதிக்குப் பாதி காற்று.
அடுக்கினால் மூன்றில் ஒன்று.
ஷஃபிகுல் அடுக்கினால்
பல்லி நுழைய யோசிக்கும்.
அவன் கையில் ஒவ்வொரு துண்டும்
ஒருமுறை புரண்டு
தன் முதுகு எதுவென்று காட்டிவிட்டுத்தான் படுக்கும்.
கோணல் கட்டைகளை ஓரமாக ஒதுக்குவான்.
“லாஸ்ட், லாஸ்ட்” என்பான்.
எல்லாம் அமர்ந்தபின் மேலே
அவற்றுக்கும் ஓர் இடம் இருக்கும்,
அது அவனுக்கு மட்டும் முன்பே தெரியும்.

மிசஸ் ஆங் படம் கேட்டார். அனுப்பினேன்.
“மேலே இன்னும் இடம் இருக்கிறதே?”

இருக்கிறது.
கண்ணுக்கு இருக்கிறது, அச்சுக்கு இல்லை.
தூங்குமூஞ்சி மரம் இது;
நவம்பரில் ஈசூன் சாலையோரம் சாய்ந்தது.
ஆறு மாதம் வெயிலில் கிடந்தும்
நடு வயிற்றில் இன்னும் அந்த மழை.
ஒன்றரை டன் என்று கதவில் எழுதியிருக்கிறது,
முக்கால் மீட்டரிலேயே விறகு அதைத் தொட்டுவிடும்.
மிச்சக் கால் மீட்டர்
நான் உங்களுக்கு விற்காத காற்று,
டெலிவரியோடு இலவசம்.

இதையும் சொல்லவில்லை.
‘முழு லோடு’ என்று ரசீது எழுதினேன்.

கதவில், எடைக்குக் கீழே,
இன்னோர் எண்:
பின்னால் 8 பேர்.

மாலை ஆறு மணிக்கு லாரி திரும்பியது.
ஷஃபிகுல் பட்டைச் சிராய்களைக் கூட்டித் தள்ளினான்.
குளிர்பெட்டி வந்த அட்டையைப் பிரித்து விரித்தான்.
ரம்பத்திலிருந்து இரண்டு பேர்,
பிளக்கும் இயந்திரத்திலிருந்து மூன்று,
ராக்கப்பன், சேவுகமூர்த்தி.
முழங்கால் நெஞ்சோடு, சாப்பாட்டு டப்பா மடியோடு.
சேவுகமூர்த்திக்குக் கால் நீளம்;
அதை எங்கே வைப்பதென்று
தினம் சாயங்காலம் மூன்று மொழியில் ஒரு பேச்சுவார்த்தை.
ஷஃபிகுல் கடைசியில் ஏறினான்,
பின்பலகையை ஒட்டிப் பக்கவாட்டில்.
ஒருமுறை புரண்டு
முதுகுக்கு இடம் பார்த்துக்கொண்டான்.

தரையை எட்டால் வகுத்தேன்.
ஆளுக்குப் புள்ளி ஆறு சதுர மீட்டர்.
அடுத்து எதனால் பெருக்குவது?
அடுக்கியதா, எறிந்ததா,
இவர்களுக்கிடையில் காற்று எத்தனை பங்கு?
விரல் எந்த எண்ணின்மேலும் இறங்கவில்லை.
கால்குலேட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டது.
லாரி கேட்டைத் தாண்டி, பள்ளத்தில் ஒருமுறை குலுங்கி,
கிராஞ்சிப் பக்கம் திரும்பியது.

இரவு பத்தே முக்காலுக்கு ஒரு வீடியோ.
மிசஸ் ஆங்கின் அடுப்பில் முதல் நெருப்பு.
பின்னணியில் யாரோ கைதட்டுகிறார்கள்.
“உள்ளே ஏதோ சீறுகிறது,
ஈரமா?”

ஆமாம் மேடம் என்று தட்டினேன்.
நவம்பர் மழை.
கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.