விழுந்த இடம்

பகலில் பல் செட்டு கட்டுகிறேன்,
நாகப்பட்டினம் நீலா தெற்கு வீதியில்,
எக்ஸ்ரே கடைக்கு மேல் மாடியில்.
இரவில் அதே பொடி, அதே திரவம், அதே மெழுகுக் கத்தி:
பீரங்கிக் குண்டு விழுந்து கடல் தெறிப்பதை
நகக்கண் உயரத்தில் செய்கிறேன்.

முதலில் பஞ்சு.
பஞ்சு புகையாகும், தண்ணீராகாது.
பிறகு பசைத் துப்பாக்கியால் ஒரு சொட்டு வைத்து
ஊசியால் மேலே இழுத்தேன்.
வைகாசியில், கரண்ட் போன அரைமணியில்,
பதினொன்றும் தலைசாய்ந்து நின்றன
கல்யாணத்துக்கு மறுநாள் வாழைமரம் மாதிரி.

தண்ணீர் எப்படி எழும்பும் என்று
இந்த ஊரில் பிறந்தும் எனக்குத் தெரியவில்லை.
கடைமடைக்குத் தண்ணீர் வந்த வாரம்
மதகடியில் உட்கார்ந்து
செங்கல் துண்டு ஒவ்வொன்றாய்ப் போட்டு
போனில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன்.
"யாரும்மா அது, வாய்க்கால தூர்க்கிறது?"
மண்வெட்டியோடு வந்தவரிடம் படத்தைக் காட்டினேன்.
முதலில் பள்ளம்.
பள்ளத்தின் விளிம்பில் கிரீடம்.
கிரீடம் கலைந்த பிறகு, தாமதமாக,
நடுவில் ஒரு தூண்.
அடுத்த செங்கல்லை அவரே போட்டார்.
அதற்கடுத்தது முழுச் செங்கல்.

அடித்தட்டுக்குப் பழைய பத்துப் பைசா;
அச்சடித்தபோதே அதன் விளிம்பு அலைதான்.
வலைக்கடையில் கழித்த நைலான் நூலை
நறுக்கிச் சொருகி, பொடி தூவி, இறுகவிட்டேன்.
ரோஸ் பொடி தவறி விழுந்ததில்
ஒன்று மட்டும் ஈறு நிறத்தில் எழும்பியது.
அதை எறியவில்லை.

எந்தக் குண்டு எவனுடையது என்று தெரிய
அந்நாள் போர்க்கப்பல்கள் குண்டுக்குள் சாயம் வைத்தன.
எனக்குச் சொட்டு நீலம்.
கலிஃபுல்லாவுக்கு மஞ்சள்தூள்.

ஞாயிறு மத்தியானம் நாகூரில்
கலிஃபுல்லாவின் கூரியர் ஆபீஸ்.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.
பார்சல் மேசை மேல் நீலத் தார்ப்பாய்,
அதன் மேல் எங்கள் எட்டுக் கப்பல்கள்.
நடுவர் செண்பகராமன், தபால் இலாகா,
சட்டைப் பையில் எப்போதும் ஸ்கேல்.
"அறுபது மீட்டர் எழும்பும்.
இந்த அளவுக்கு இரண்டரை சென்டிமீட்டர்.
உன்னுது பாதிகூட இல்லையே."

சரிதான்.
முதல் தடவை இரண்டரைதான் செய்து கொண்டுபோனேன்.
அன்று செண்பகராமன் வரவில்லை.
கலிஃபுல்லா ஒன்றை எடுத்துத்
தன் கப்பலோரம் வைத்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"கப்பலவிட உசரமா வேணாமே."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
நானும் இந்த ஊர்தான்.
வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தேய்த்தேன்,
இடிக்கும் கடைவாய்ப்பல்லைத் தேய்க்கும் அதே சக்கரத்தில்.
செண்பகராமன் மன்னார்குடிக்காரர்.
அங்கே தண்ணீர் குளத்துக்குள் இருக்கும்.

பட்ட குண்டுக்கு ஒரு வேலையும் இல்லை,
காகிதக் கட்டத்தில் ஒரு பென்சில் கோடு.
தவறியதற்குத்தான் இந்தப் பொடி, இந்த நூல்,
இந்தக் கண்ணெரிச்சல்.
அதுவும் ஒரு சுற்றுக்குத்தான் நிற்கும்;
பிறகு இடுக்கியால் எடுத்து
டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

போன வாரம் நான்கு பகடை.
கலிஃபுல்லாவின் கப்பலுக்கு முன்னால் இரண்டு நீலம்,
பின்னால் இரண்டு.
கிடுக்கியில் சிக்கிய மாதிரி.
அடுத்தது படும்.
நான் டீயைக் கீழே வைத்தேன்.

அவர் விலகவில்லை.
என் தெறிப்பை நோக்கியே மூக்கைத் திருப்பினார்.
"நீ கணக்க திருத்துவ.
திருத்துன எடத்துல நான் இருக்க மாட்டேன்.
ஏற்கனவே விழுந்த எடத்துல இருப்பேன்."
செண்பகராமன் ஸ்கேலை வைத்து அளந்தார்,
அனுமதி என்றார்,
தெறிப்பை இடுக்கியால் தூக்கினார்.
பத்துப் பைசா இருந்த வட்டத்தில்
கப்பல் போய் நின்றது.
கொஞ்சம் நீலம் தார்ப்பாயில் ஒட்டியிருந்தது.

என் முறை.
கணக்கைத் திருத்தினேன்.
உருட்டினேன்.
இருநூறு கெஜம் தள்ளி, யாருமில்லாத தண்ணீரில்,
நான்கும் விழுந்தன.
நான்கையும் நிமிர்த்தி வைத்தேன்,
ஈறு நிறத்ததையும் சேர்த்து.
நன்றாகத்தான் இருந்தன.