படிவத்தில் இல்லாத கட்டம்

டூசான், ஜூன் மாதம்.
கூரை ஓட்டில் ரொட்டி சுடலாம்.
"வருஷத்துக்கு நாலு ராத்திரிதான் மூட்டுவோம்,
இதில் என்ன அழுக்கு சேரும்?" என்கிறாள் லோரேனா,
ஏணியின் காலைப் பிடித்தபடி.

மேலே ஆர்லோ,
மூடி காற்றோடு போன புகைபோக்கிக்குள்
கயிற்றில் கேமராவை இறக்குகிறான்.

கரி, அவள் சொன்னதுபோல், நகக்கண் அளவுகூட இல்லை.
ஆனால் வெயில் தின்ற சாந்து உதிர்கிறது.
மூன்றாவது களிமண் குழாயில்
மயிரிழை விரிசல்.
அதற்கும் கீழே முள் சுள்ளிகள், ஒரு பல்லிவால்,
பிறகு திரை முழுக்க
இரண்டு மஞ்சள் கண்கள்.

படிவத்தில் ஆந்தைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறான்:
குஞ்சுகள் மூன்று. அவை பறக்கும்வரை
கணப்பு மூட்ட வேண்டாம்.

லோரேனா வாசிக்கிறாள்.
வெளியே நாற்பத்துமூன்று டிகிரி.
"கஷ்டம்தான்," என்கிறாள்,
"போர்வை இருக்கிறது,
சமாளித்துக்கொள்கிறேன்."