கீழே வராது

மதியம் ஆரப்பாளையத்தில் எடுத்தால்
பூம்பாறை போய்ச்சேர இருட்டிவிடும்.
ராத்தங்கல் வண்டி.
டிரைவர் பவுன்ராசு பின்சீட்டில் நீட்டிப் படுப்பார்,
நான் மூவர் சீட்டில் மடங்கிக் கிடப்பேன்.
மார்கழியில் விடியும்போது
கண்ணாடிக்கு உள்பக்கம் எங்கள் மூச்சு,
வெளிப்பக்கம் உறைபனி.

முதல் நடைக்கு முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றும் நாகஜோதி
லக்கேஜுக்குப் பேரம் பேசாத நாளில்லை.
ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் இரண்டு ரூபாய் குறைந்தது.
டிக்கெட்டையே பொட்டலமாக மடித்து
நூக்கல் விதை தந்தாள், ஒரு சிட்டிகை.
"கீழ வராதுண்ணே" என்று
சொல்லியேதான் தந்தாள்.

விளாங்குடியில் என் வீட்டுக்குப் பின்னால்
ஒன்பதடிக்கு ஆறடி.
துவைகல், செப்டிக் டேங்க் மூடி, ஒரு முருங்கை
போக மிச்சம் இருந்ததை மண் என்று சொல்லலாம்.
தோண்டினால் செங்கல் ஜல்லி,
இறுகிய சிமெண்ட்,
யாருடையதோ ஒரு செருப்பு வார்.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தது என் தப்பு.
ஒச்சம்மா பாதியை ரசத்துக்குத் தாளித்துவிட்டாள்.
"கடுகு சரியாவே பொரியலை.
பழசை வாங்கிட்டு வந்தீகளா?"
ரசம் நன்றாகத்தான் இருந்தது.
மிச்சத்தை எண்ணினேன்:
நாற்பத்தொன்று.

ஸ்டாண்டு டீக்கடையில் பொறுக்கிக் கழுவிய காகிதக் கப்.
மிஷின் வந்தபின் சும்மா கிடந்த டிக்கெட் பஞ்சால்
கப்புக்கு மூன்று ஓட்டை.
இருபத்திரண்டு வருஷம் சனங்களின் சீட்டில் போட்ட அதே ஓட்டை.
மணல், சாணித்தூள், தேங்காய் நார்.
நகக்கண் ஆழத்தில் ஒரே ஒரு விதை.

மதுரைக் குளிர் என்பது
மப்ளர் கட்ட ஒரு சாக்கு.
விதையிடம் போய் அதைக் குளிர் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
ராத்திரி மொட்டைமாடி,
விடிந்ததும் முருங்கை நிழல்,
பத்து மணிக்குத் துவைகல் ஓரம்.
ஸ்டேஜ் ஸ்டேஜாக இறக்கி ஏற்றினேன்.

ஐந்தாம் நாள் மண் விரிந்தது.
ஆளுக்கொரு மண்கட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு
எழுந்து நின்றன.
ஏறியவர் பதினேழு என்று
காலண்டரில் எழுதிவைத்தேன்.

மலையில் இருந்தால் டவர் கிடைக்காது.
கிடைத்த ஒரு காலையில் பல் நடுங்கக் கேட்டேன்:
"கப்பையெல்லாம் நிழலுக்கு மாத்துனியா?"
"எனக்கு வேற சோலி இல்லையா?"
அவள் குரலுக்குப் பின்னால்
தண்ணீர் தெளிக்கிற சத்தம்.

வெயிலுக்கு ஆறு.
நத்தைக்கு மூன்று.
பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றிக் கேட்காதீர்கள்.
மாசியில் மிஞ்சியது நாலு,
மூன்று கோலிக்குண்டு, ஒன்று எலுமிச்சை.
எலுமிச்சையைப் பையில் போட்டு மலைக்குக் கொண்டுபோனேன்.

நாகஜோதி உள்ளங்கையில் உருட்டினாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
தோலை நகத்தால் கீறி மோந்து பார்த்து
"வெயில் வாசம் அடிக்குது" என்றாள்.
அப்புறம் மூட்டைமேல் உட்கார்ந்து
யாருக்கும் கேட்காதபடி:
"கீழ கத்தரி விதை கிடைக்குமாண்ணே?
மூணு வருசமாப் போடறேன்.
குளிர்ல முளைக்காமலே அழுகிப் போவுது."

"இங்க வராதும்மா."

"தெரியும்."

இன்று வத்தலக்குண்டு தாண்டி
காட்ரோட்டில் ஜன்னல்களை இழுத்து மூடுகிறார்கள்.
ஈரத்துணியில் முடிந்த கத்தரி விதை
மூன்று நாளாக என் பனியன் பையில்.
ஒச்சம்மா யோசனை:
"ஒடம்புச் சூட்டுல முளை கட்டிக் கொண்டுபோங்க.
சில்லறைப் பையில போட்டுறாதீக."

டம்டம் பாறை. பெருமாள்மலை.
கம்பளிகள் ஏறுகின்றன.
காசெல்லாம் விரலைக் கடிக்கிற குளிர்.
நெஞ்சோரம் மட்டும் சட்டை நனைந்து
வெதுவெதுவென்று ஒட்டுகிறது.

"கண்டக்டர், ஒரு பூம்பாறை."

கீழே விழுந்த காசை அவரையே எடுக்கச் சொல்கிறேன்.
இன்றைக்கு நான் குனிவதாக இல்லை.