மிதக்கும், மூழ்கும்

யு.கே.ஜி. 'பி' பிரிவில் இன்று காலை
நீல பிளாஸ்டிக் டப்பில் கடல்.
ஃபிலோமி ஆயா கைப்பம்பில் அடித்து
இடுப்பில் சுமந்து இரண்டு குடம் ஊற்றியது.
ராயபுரத்துத் தண்ணீர், நாக்கில் வைத்தால் கரிக்கும்.
கடல் என்று நான் சொன்னதில்
முழுப்பொய் இல்லை.

பலகையில் நடுக்கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் மிதக்கும்.
வலப்பக்கம் மூழ்கும்.
பாடக்குறிப்பில் இதற்கு இருபது நிமிடம்;
சிஸ்டர் எமரென்சியா பச்சை மையில்
கையெழுத்துப் போட்டாயிற்று.

முப்பத்தெட்டுப் பேர் டப்பைச் சுற்றி.
ஷூ நனையக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள்
நனைந்தது பதினொரு ஷூ.

பாட்டில் மூடி மிதந்தது, கைதட்டினார்கள்.
ஒரு ரூபாய் மூழ்கியது, அதற்கும் கைதட்டினார்கள்.
மாதா கெபியில் எரிந்து மீந்த மெழுகுத்துண்டு
தலையை மட்டும் காட்டி மிதந்தது.
சாக்பீஸ் குமிழி குமிழியாய் மூச்சுவிட்டு
அடியில் போய்ப் படுத்தது.
"மிஸ், அதுக்கு வலிக்குதா மிஸ்?"
ஹஃப்ஸாவுக்கு எல்லாவற்றுக்கும் வலிக்கும்.
நேற்று மூன்றாம் எண்ணுக்கு வலித்தது,
யாரோ அதைத் திருப்பிப் போட்டு எழுதிவிட்டார்களாம்.

களிமண் உருண்டை.
போட்டதும் போய்விட்டது.
வலப்பக்கம் எழுதினேன்: களிமண்.

அதுவரை வாயே திறக்காத ஜோவின்
சட்டைக்கையை மடக்கினான்.
தோள்வரை கைவிட்டு உருண்டையை எடுத்தான்.
கட்டைவிரலால் நடுவில் குழித்தான்,
சுற்றிலும் கிள்ளிக் கிள்ளி விளிம்பு தூக்கினான்.
காசிமேட்டில் அவன் அப்பா
எந்த போட்டில் போகிறார் என்று எனக்குத் தெரியாது.
பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்ததில்லை.
"இந்தாண்ட ஒசத்தணும் மிஸ்,
இல்லாங்காட்டி அலை உள்ள பூந்துடும்."

மிதந்தது.

அதே மண். அதே தண்ணீர்.
அடியில் கிடந்த ஒரு ரூபாயை எடுத்து
அதற்குள் வைத்தான்.
அதுவும் மிதந்தது.

வகுப்பு என் கையில் இல்லை.
'களிமண்' என்பதை அழித்து இடப்பக்கம் எழுதினேன்.
"காசு, மிஸ்! காசு!" என்றார்கள்.
அதையும் அழித்தேன்.
ஈரக்கை பட்டு நடுக்கோடு
பாதி கரைந்துவிட்டது.

அப்போதுதான் ஹஃப்ஸா கேட்டாள்,
வெள்ளிக்கிழமை சிஸ்டர் படம் காட்டிச் சொன்ன கதையை
இன்னும் மென்றுகொண்டிருந்தவள்:
"தண்ணி மேல நடந்தாரே பீட்டர்,
அவர் எந்தப் பக்கம் மிஸ்?"

எங்கள் வீட்டில் அவர் இராயப்பர்.
இந்தப் பேட்டையின் பெயரே
அவரிடம் வாங்கியதுதான் என்பார் அப்பா.
முப்பது வருடம் ஞாயிறு பூசைக்குப் போகிறேன்,
இப்படி ஒரு கேள்வி
பிரசங்கத்தில் வந்ததே இல்லை.

"மிதப்பாரு" என்றது ஜன்னல் பக்கம்.
"முழுகிட்டாரு, நான் படத்துல பாத்தேன்" என்றது கதவுப் பக்கம்.
ஜோவினுக்கு எரிச்சல்.
"அவரத்தான் கையப் புடிச்சு
போட்ல ஏத்தியாச்சே.
அப்பால இன்னா?"

மூன்றாவது பத்திக்குப் பலகையில் இடமில்லை.
கரைந்த கோட்டின் மேலேயே
இராயப்பர் என்று எழுதினேன்.
அவர்கள் படிக்க மாட்டார்கள்;
'இ' தெரியும், 'ப' தெரியும்,
மீதி அடுத்த பருவத்தில்.

பன்னிரண்டு மணி அடித்தது.
மூவேளை செபம்.
எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
கூப்பிய கைகளிலிருந்து சொட்டியது தண்ணீர்.
சிலுவை போட்டவர்களின் நெற்றியில்
உப்புத் துளி ஒவ்வொன்று.
ஹஃப்ஸா கையைக் கட்டிக்கொண்டு
சும்மா நின்றாள், வழக்கம்போல.

கண்ணை மூடச் சொல்லியிருக்கிறேன்.
ஜோவின் ஒற்றைக் கண்ணைத் திறந்து
டப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பார்த்தது எனக்கு எப்படித் தெரியும் என்று
நீங்கள் கேட்க வேண்டாம்.

மாலையில் பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தில்,
'விளைவு' என்ற இடத்தில், எழுதினேன்:
இன்னொரு முறை செய்ய வேண்டும்.
தண்ணீர் போதவில்லை.