பதினேழு சதம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியாயிற்று.
மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில்
ஜன்னலோரம் எனக்கு.
உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறது
வேலை தேடித் தரும் தளம்,
இரண்டாயிரம் எழுத்துக்குள்.
க. மங்கையர்க்கரசி.
பெயருக்கே ஒன்பது போய்விட்டது.

பெங்களூரிலிருந்து ஜெசிமா ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறாள்.
‘பேர மட்டும் மாத்திக்க, போதும்.’
பேஷனேட். டைனமிக். டீம் பிளேயர்.
சவால்களை வாய்ப்புகளாக மாற்றுபவர்.
எதன் மேல் பேஷன் என்று இல்லை.
என்ன அணி, என்ன ஆட்டம், யார் தோற்றார்கள்
ஒன்றும் இல்லை.
இதே வரிகளைத்தான் அவள் அண்ணிக்கும் கொடுத்தாளாம்.
அண்ணி பல் மருத்துவர்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
பருவகாலப் பணி;
குறுவைக்குக் கூப்பிடுவார்கள், சம்பாவுக்குக் கூப்பிடுவார்கள்,
நடுவில் நான் யாரென்று கேட்க ஆளில்லை.
ஈரமானியில் ஒரு கைப்பிடி நெல்லைக் கொட்டி
எண்ணை உரக்கப் படிக்க வேண்டும்.
பதினேழு வரை வாங்கலாம்.
அதற்கு மேலென்றால் திரும்பக் களத்துக்கு, வெயிலுக்கு.
ஈரநெல்லுக்கு எடை கூடுதல்,
அதுதான் அதன் சாமர்த்தியம்.
தராசில் ஜம்மென்று நிற்கும்.
மூட்டைக்குள் மூன்றாம் நாள் புழுங்கும்,
ஐந்தாம் நாள் முளை விடும்.

ஜெசிமாவின் வரிகளில் ஒரு கைப்பிடி அள்ளினேன்.
பேஷனேட்: இருபத்திரண்டு.
டைனமிக்: மானி எண்ணே காட்டவில்லை.

கூட்ஸ் வருகிறது.
அரிசியா உரமா தெரியவில்லை, கதவுகள் சாத்தியிருக்கின்றன.
ஒவ்வொரு பெட்டியின் விலாவிலும்
வெள்ளை எழுத்தில்
வெறும் எடை, தாங்கும் எடை,
அடுத்து எப்போது பழுது பார்க்க வேண்டும் என்ற தேதி.
தன்னைப் பற்றி அவ்வளவுதான் சொல்லிக்கொள்கிறது
இத்தனை டன் இரும்பு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதுகிறேன்:
மூன்று வருடம். நாளொன்றுக்கு எண்ணூறு மூட்டை வரை
பட்டியல் போட்டிருக்கிறேன்.
இரண்டாம் வருடத் தை மழையில் தார்ப்பாய் போதவில்லை.
முப்பத்தேழு மூட்டை முளைத்தது.
பதிவேட்டில் முப்பத்தேழு என்றே எழுதினேன்.

பத்து என்று போடு என்றார் மேற்பார்வையாளர்.
அதைச் சேர்க்கவில்லை.
அவருக்கும் இரண்டு பெண்கள்.

விரல் தானாக ‘நேர்மையானவர்’ என்று தட்டியது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெருகவாழ்ந்தான் கலியமூர்த்தி
ஆறு ராத்திரி நெல்லோடு களத்திலேயே படுத்திருந்தார்.
ஏழாம் நாள் காலை
பத்தொன்பதைப் பதினேழு என்று படித்தேன்.
அவர் மானியைப் பார்க்கவில்லை,
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தளத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
அதனால் இங்கே.
அந்தச் சொல்லையும் அழித்தேன்.

உங்கள் அறிமுகம் மிகச் சுருக்கமாக உள்ளது,
வலுவான சொற்கள் சிலவற்றைப் பரிந்துரைக்கட்டுமா
என்று கேட்கிறது தளம்.
ஓட்டுநர் இன்ஜினை முடுக்குகிறார்,
பைக்குகள் கேட்டின் கீழ் மூக்கை நுழைக்கின்றன.
கடைசிப் பெட்டி கடக்கிறது.
அதன் முதுகில் ஒரு சின்னப் பலகை ஆடுகிறது:
இவ்வளவுதான்,
பின்னால் வேறெதுவும் இல்லை என்று பொருள்.