இணைந்திருக்கும் கருவிகள்

ரௌட்டரின் அடிவயிற்றில் ஒரு சீட்டு.
எறும்பெழுத்து. டார்ச் அடித்துப் படித்தேன்:
பயனர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
ஐந்து வருஷம்
இரும்புக் கேட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு
இதைத் திறந்தே வைத்திருந்திருக்கிறோம்.

எட்டு மணிக்கு சாட்ஸ்வர்த்தில் மின்வெட்டு.
அதற்குள் முடிக்கவேண்டும்.

உள்ளே போனதும் ஒரு பட்டியல்.
என் போன். மகளின் டேப்லெட். டிவி.
ஒட்டுச்சுவர் வீட்டு நவீஷனின் விளையாட்டுப் பெட்டி
(திருட்டுத்தான். போகட்டும்).
கடைசியில்
‘லோகன் சாம்சங்’.

அவர் ஃபீனிக்ஸுக்குப் போய் நாலு மாதம்.
திரைச்சீலையை விரலளவு விலக்கினேன்.
சரிவில், விளக்கணைத்து, வெள்ளைப் பக்கி.
கதவைத் தட்டவில்லை, ஹாரன் அடிக்கவில்லை.
சுவர் தாண்டிக் கசியும் இரண்டு கோடு சிக்னல்
போதும் போலிருக்கிறது அவருக்கு.
எத்தனை ராத்திரியாகவோ.

பன்னிரண்டு எழுத்தாவது வேண்டும் என்றது பெட்டி.
இதுவரை இருந்தது கல்யாண நாள்.
அழித்தேன்.
மகள் பெயரைப் போட்டு அதையும் அழித்தேன்.
பழைய ஃபோர்ட் காரின் நம்பர், சீச்சீ.
அவருக்குத் தெரியாத ஒரு சொல்
என்னிடம் இருக்கிறதா என்று
இருபது நிமிஷம் தேடினேன்.

சேமி.

பச்சை விளக்குகள் செத்து, ஒவ்வொன்றாய் எழுந்தன.
பட்டியலில் நான் மட்டும்.
“அம்மா, நெட் போச்சு!”
சுவருக்கு அந்தப் பக்கம் நவீஷன்
கெட்ட வார்த்தை சொன்னான்.
அவனுக்கு நாளை விருந்தினர் இணைப்பு ஒன்று கொடுக்கலாம்.

பக்கி மட்டும்
வெகுநேரம் கிளம்பவில்லை.