பதினாலு வரி

ஜூலை பிறந்ததும் விண்ணப்பங்கள் வரும்.
இந்த வருடம் ஒன்பது.
நான்கு பேர்
"மதிப்பிற்குரிய ஏகவள்ளி அம்மா அவர்களுக்கு"
என்று தொடங்கியிருக்கிறார்கள்.
நினைவு என்ற சொல்லைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை.
நான் திருத்துவதில்லை.
அவளுக்கு வந்த தபால் என்றே
கத்தரியால் ஓரம் வெட்டிப் பிரிக்கிறேன்.

ஏகவள்ளி நினைவு உதவித்தொகை.
பழங்குடி மாணவர்க்கு, அதிலும்
மனிதவளம் படிப்பவர்க்கு மட்டும்.
ஆண்டுக்கு முப்பத்தெட்டாயிரம்.
அவளுடைய பி.எஃப்., பணிக்கொடை,
நான் ஓட்டிய சின்ன யானையை விற்ற காசு,
மூன்றும் ஒரே பாஸ்புக்கில் கிடந்து போடுகிற குட்டி.

நர்சிங் இல்லையா, டீச்சர் டிரெயினிங் இல்லையா,
ஏன் இது, என்று ஆடிட்டர் கேட்டார்.

கும்மிடிப்பூண்டி உருக்காலையின் டைம் ஆபீசில்
அவள் சேர்ந்த அன்று
ஒப்பந்தப் பதிவேட்டில் இப்படி இருந்தது:
இருளர் – 14 பேர்.
ஒரே வரி.
ஒரே கையெழுத்து, அதுவும் மேஸ்திரியுடையது.
சம்பளம் அந்த வரிக்குக் கிளம்பி
வழியிலேயே இளைத்துப்போகும்.

ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள்.
பதினாலு கோடு.
சாப்பாட்டு மணி அடித்ததும் உலைப்பக்கம் போய்
ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டாள்.
ஒருவர் வாயே திறக்கவில்லை,
பெயர் எழுதினால் அடுத்து கடன் எழுதுவார்கள் என்று.
"நானும் நம்ம ஆளுதாங்க" என்றதற்கு
நம்ம ஆளு ஃபேனுக்குக் கீழ உக்காருமா என்றாராம்.
நான்கு நாள் பிடித்தது அந்தப் பதினாலாவது வரி.
இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.
மேஸ்திரி ராத்திரி எங்கள் வாசலில் வந்து நின்றதைச்
சொன்னதே இல்லை.
எனக்குத் தெரியும், நான்தான் கதவைத் திறந்தேன்.

மனிதவளம் என்ற சொல்
அவளுக்குப் பிடிக்காது.
மணல்வளம், மீன்வளம், கனிமவளம்,
வளம்னு பேர் வெச்சா
பின்னாடியே லாரி வரும், ரிவர்ஸ்ல வரும், என்பாள்.
அதே சொல்லைத்தான் அட்டையில் போட்டு
பதினொரு வருடம் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

மூன்று நாள் காய்ச்சல்.
பிறகு ஏழு மாதம் பி.எஃப். வரவில்லை.
ஆதாரில் ஏகவள்ளி, அவர்களிடம் எகவல்லி.
ஊர்ப் பெயரையெல்லாம் சரிசெய்தவள்
தன் பெயரில் ஒரு கீற்று விட்டுப்போனதைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது விண்ணப்பம் தெலுங்கில்.
தடா தாண்டி, சூளூர்பேட்டைப் பக்கம்,
யானாதிப் பெண், திருப்பதியில் எம்.பி.ஏ.
எனக்குப் பேச வரும், படிக்க வராது.
ஆரம்பாக்கம் டீக்கடையில் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.
அப்பாவும் அம்மாவும் ஏரியில் இறால் தடவுகிறவர்கள்.
மதிப்பெண் அறுபத்தொன்று.
கடைசியில் ஒரு வரி:
எங்கள் தெருவில் யாருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது,
அது எப்படி இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் பார்த்தேன்.

விதி மூன்று: தமிழ்நாட்டில் வசிப்பவராக இருத்தல் வேண்டும்.
எழுதியது நான்தான்,
வேறு ஏதோ படிவத்தைப் பார்த்து.
இடுப்பளவுத் தண்ணீரில்
எந்த இடத்தில் ஆந்திரா தொடங்குகிறது,
கைக்குத் தட்டுப்படும் இறால் எந்த மாநிலம்,
அந்தப் படிவத்தில் இல்லை.
இன்னும் விதியை அடிக்கவில்லை.
பேனா அதன்மேல் கிடக்கிறது.

போன் போட்டேன்.
மானிகல ஸ்ரீவாணியா?
அவுனு சார்.
முன்னால் இருப்பது அப்பா பெயரா?
இல்ல சார், இன்ட்டி பேரு.
பின்னால் மிக்ஸியோ மழையோ ஒரு சத்தம்.
கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
அதற்குள் கை ஸ்கேலை எடுத்துக்
கோடு போட்டுவிட்டது.

மெல்லச் சொல்லும்மா,
ஒவ்வொரு எழுத்தா.
மானிகலவுல
ரெண்டு சுழியா, மூணு சுழியா?